புவனேந்திரன் சுற்றிப் போட்ட வழி

லண்டனில் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் ஏற்றும் வான்காரர்களுக்குள் புவனேந்திரனுக்கு ‘குறுக்கு வழி’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. செவன் கிங்ஸில் அரிசி மூட்டையை ஏற்றினால், ஆர்ச்வே போய்ச் சேரும்வரை அவருடைய வான் பெரிய சாலை எதிலும் அதிக நேரம் நிற்காது. பள்ளிக்கூட மதிலோரம், பஸ் டிப்போவின் பின்பக்கம், எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியே ஆகவேண்டிய ஒழுங்கை என்று நுழைந்து நுழைந்து போவார். ஒருமுறை ஓடிய வழி அவருக்கு மறக்காது. சுற்றிப் போவதென்றால் சாப்பாட்டை வீதியில் கொட்டுவது மாதிரி அவருக்கு மனம் கேட்காது.

“இந்த மனுசன் சொர்க்கத்துக்கும் பின்கதவாலதான் போகும்” என்பாள் அவர் மனைவி றஜீனா.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு வழி மட்டும் தெரியாது. அந்த வழியில் அவர் படுத்துக்கொண்டு வந்தவர்.

அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவரையும் அண்ணன் வாசுதேவனையும் இன்னும் சிலரையும் ஐரோப்பாவுக்கு ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் ஒரு லொறிக்குள் முட்டைக்கோவாப் பெட்டிகளுக்கு அடியில் அடுக்கிக் கொண்டுவந்தான். குரோஷியாவில் ஓர் ஆற்றங்கரையில் மரம் அரியும் ஆலை ஒன்றில் இறக்கினான். ஒரு பகல் முழுவதும் பலகை அடுக்குகளுக்குப் பின்னால் இருந்தார்கள். இருட்டியதும் ஆறு. அக்கரை ஸ்லோவேனியா, அதற்கு அப்பால் எல்லாம் சுகம் என்றான். ஐப்பசி மழையில் ஆறு பெருகிக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீர் என்றான்; கழுத்துக்கு வந்தது. கைகளைக் கோத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். அக்கரையில் ஏறி ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தபோது வாசுதேவன் இல்லை. கூப்பிடவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. விடியும்போது அவர்கள் வேறொரு வண்டிக்குள் கிடந்தார்கள்.

பிறகு ஜெர்மனியில் இருந்துகொண்டு புவனேந்திரன் செஞ்சிலுவைச் சங்கத்தைக் கேட்டார், அங்கிருந்து வந்த மற்றவர்களைக் கேட்டார். எந்த ஆறு, எந்த ஊர் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விடப்பட்டவனிடம் காட்டின் பெயரைக் கேட்டால் என்ன சொல்வான்?

வாசுதேவனின் மனைவி சிவனேஸ்வரி கைக்குழந்தையோடு லண்டன் வந்து சேர்ந்தார். ஜெர்மன் பாஸ்போட் கையில் கிடைத்ததும் புவனேந்திரன் நல்ல வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தது அவர்கள் இருவருக்காகத்தான். சிவனேஸ்வரி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து மகள் துஷ்யாவைப் படிப்பித்தார். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தன. கழற்றச் சொல்லவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் வரவில்லை. ஆடி அமாவாசை வந்தால் தகப்பனை இழந்தவர்கள் மனோர் பார்க் முருகன் கோயிலில் மோட்ச அருச்சனைக்கு வரிசையில் நிற்பார்கள். அன்றைக்கு சிவனேஸ்வரி அந்தத் தெருப்பக்கமே போகமாட்டார்.

இந்த ஆவணியில் துஷ்யாவுக்குக் கலியாணம். ஜெர்மனியிலும் சுவிஸிலும் இருக்கிற சொந்தக்காரருக்கு அழைப்பிதழை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தபாலில் போட்டால் வரமாட்டார்கள், வந்தாலும் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். காரில் போவதாக முடிவாயிற்று. அப்போதுதான் துஷ்யா சொன்னாள்:

“சித்தப்பா, சுவிஸ் வரைக்கும் போய்ட்டு ஏன் திரும்பி வருவான்? அப்பிடியே ஸ்லோவேனியா, குரோஷியா எண்டு ஒரு ரோட் ட்ரிப் அடிப்பம். பிளெட் ஏரி, லுப்லியானா, பிறகு பிளிட்விச் நீர்வீழ்ச்சி. நீங்கள் காரை ஓடுங்கோ, நான் ரூட் போடுறன்.”

அவள் தாயைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“நான் தெரிஞ்சுதான் கேக்கிறன். ரெண்டு நாட்டுக்கும் எல்லையா ஓடுற ஆறு, நீங்கள் சொன்ன அடையாளத்துக்கு, கோல்பா மட்டும்தான். நேர் வழியில போனால் அதைக் கடந்துதான் பிளிட்விச் போகவேணும். அப்பா வந்த பக்கத்தை நான் ஒருக்காப் பாக்கவேணும்.”

இரண்டு நாள் கழித்து, புவனேந்திரன் மரக்கறிப் பை கொடுக்கப் போனபோது, சிவனேஸ்வரி கதவடியில் நின்றபடியே கேட்டார்.

“தம்பி, அச்சடிக்கிற சந்திரகுமார் கார்டுக்கு அந்தரப்படுத்துறார். பொம்பிளையின்ர தகப்பன் பேருக்கு முன்னால அமரர் எண்டு போடுறதோ, விடுறதோ?”

“மச்சாள், அதை நான் எப்பிடி…”

“நீர்தான் கடைசியாக் கண்டனீர். நீர் சொல்லும். எனக்கு இனி ஏலாது.”

அந்த ஒரு சொல்லின் பாரம் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். அமரர் என்று போட்டால் கார்டைக் கையில் வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் சிவனேஸ்வரி அந்தக் கணத்திலேயே விதவை. மகளின் மணவறைப் பக்கம் ஒரு குத்துவிளக்கைத் தூண்டக்கூட யாராவது ஒரு பெரியம்மா விடமாட்டாள். போடாமல் விட்டால், உயிரோடு இருக்கிற மனிதன் மகளின் கலியாணத்துக்கு ஏன் வரவில்லை என்று மண்டபம் முழுக்கக் குசுகுசுக்கும். இருக்கிறாரா இல்லையா என்று அறியாமல் எப்படி எழுதுவது? அறிந்தவர் எவருமில்லை.

அன்று தொடங்கியது புவனேந்திரனின் தேடல். கடைகளில் சாமான் இறக்கிவிட்டு வானிலேயே இருந்து, போனில் வரைபடத்தைத் திறந்து, அந்த ஆற்றோடு விரலால் போனார். வீதியில் நின்று பார்ப்பது போலவே படம் வரும். ஆனால் அந்தப் படங்கள் எல்லாம் கோடை. வெயிலில் பச்சையாய்ப் பளபளக்கும் ஆறு, கரையில் கூடாரம், சிறு ஓடத்தில் சிரிக்கும் பிள்ளைகள். அவர் அறிந்ததோ கறுத்துக் குளிர்ந்து இரைந்த தண்ணீர். ஒவ்வொரு வளைவிலும் ஓர் அணைக்கட்டு, பக்கத்தில் பாழடைந்த தண்ணீர் ஆலை, மேட்டில் சிலுவை வைத்த வெள்ளைக் கோயில் ஒன்று. ஒன்றைப் பார்த்தால் மற்றது போலவே இருந்தது. இதுதான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடுத்த வளைவில் அதுவும் இதேதான் என்று அடித்துக்கொள்ளும்.

ஆர்ச்வே முருகனிடம் ஒரு செவ்வாய்க்கிழமை வாழைப்பழப் பெட்டி இறக்கியபோது கும்பிட்டார். கண்டுபிடிக்க வேண்டும் என்று தொடங்கிய வேண்டுதல் பாதியில், கண்டுபிடிக்கக் கூடாது என்று மாறிவிட்டது. எதைக் கேட்டோம் என்று தெரியாமலே விபூதியைப் பூசிக்கொண்டு வந்தார். போகும் வழியில் திரும்ப வேண்டிய ஒழுங்கையைத் தவறவிட்டார். அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

சந்திரகுமார் போனில் கூப்பிட்டார். “அண்ணை, ஒரு சொல்லுக்காக மெஷினை எவ்வளவு நாள் நிப்பாட்டி வைக்கிறது? நான் வேணுமெண்டால் ரெண்டு விதமாயும் அடிச்சுத் தரட்டோ?”

“பகிடி விடாதையும். இந்தக் கிழமை சொல்லுறன்.”

வழி காட்டியது துஷ்யாதான், தெரியாமலே. பயணத்தில் பார்க்க வேண்டியவற்றைப் போனில் சேர்த்து வைத்திருந்தவள் ஒரு படத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இது பாருங்கோ சித்தப்பா, வடிவாயிருக்கு. அந்த ஆக்கள் தேனீப் பெட்டியளை அடுக்கி ஒரு குட்டி வீடு மாதிரிக் கட்டுவினமாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு நிறம்.”

புவனேந்திரன் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பலகை அடுக்கின் இடுக்கால் அன்றைக்குப் பகல் முழுக்க அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனின் குரல் காதுக்குள் வந்து நின்றது. “டேய் புவன், அங்க பாரடா. மஞ்சள், நீலம், சிவப்பு எண்டு இழுக்கிற லாச்சி லாச்சியா வைச்ச அலுமாரி. ஆரோ வெளியில வைச்சு நனைய விட்டிருக்கிறாங்கள். உன்ர மச்சாள் கண்டால் ஏசுவா.” அதுதான் வாசுதேவன் கடைசியாகச் சொன்ன பகிடி.

அடுத்த நாள் மத்தியானம், கடை ஒன்றின் பின்முற்றத்தில் வானை நிறுத்திவிட்டு மறுபடியும் ஆற்றோடு போனார். இந்த முறை அணைக்கட்டையோ கோயிலையோ பார்க்கவில்லை, நிறத்தை மட்டும் தேடினார். கிடைத்தது. வெயிலில் வெளுத்துப் போயிருந்தது, இரண்டு லாச்சிகள் இல்லை. ஆனால் அலுமாரி அதுவேதான். இக்கரையில் மரம் அரியும் ஆலையின் தகரக்கூரை. அக்கரை மேட்டில் கோயில், அதன் மதிலுக்குள் இடுகாடு.

நடைபயணம் போன யாரோ ஒருவர் அந்த இடுகாட்டைப் படம் பிடித்து வரைபடத்தில் போட்டிருந்தார். பூக்களைப் பிடித்த படம்தான். மூலையில் ஒரு சிறு கல் தெரிந்தது. மற்றக் கற்களில் எல்லாம் பெயர். அதில் பெயரில்லை, ஒரு மாதமும் ஆண்டும் மட்டும். அவர்கள் ஆற்றில் இறங்கிய அதே ஐப்பசி, அதே ஆண்டு. அடியில் சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஏற்றியிருக்கிறார்கள், இவ்வளவு காலத்துக்குப் பிறகும்.

கடைக்காரர் வந்து வான் கதவைத் தட்டினார். “என்ன அண்ணை, வெங்காயம் இறக்கேல்லையோ?” புவனேந்திரன் இறங்கி வெங்காயத்தை இறக்கினார். கடைசி மூட்டையை இறக்கியபின் அதன் மேலேயே இருந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகுமுன் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சொல்லப்போவதில்லை. கலியாணத்துக்கு முன் அந்தப் பொட்டை அழிக்கிற கை தன் கையாக இருக்கக் கூடாது. கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் ஆற்றைக் கடக்கும்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? துஷ்யாவுக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, லுப்லியானாவில இருந்து ஸாக்ரெப் போய் அங்கால இறங்குவம். மோட்டர்வே நல்லம்.”

“அது சுத்து எல்லோ சித்தப்பா?”

“நல்ல ரோட். மச்சாளுக்கும் இடுப்பு நோ. குலுங்கக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சிவனேஸ்வரி வீட்டில் கூடினார்கள். துஷ்யா பெரிய டிவியில் முழு வழியையும் போட்டுக் காட்டினாள். றஜீனா பிளெட் ஏரியைப் பார்த்து, அங்கே என்ன குளிர், எத்தனை ஸ்வெட்டர் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிவனேஸ்வரி இடியப்ப உரலோடு வாசலில் நின்று கொஞ்ச நேரம் நீலக் கோட்டைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போனார்.

“தம்பி, இஞ்ச ஒருக்கா வாரும். மேல் தட்டில நீத்துப்பெட்டி கிடக்கு, எட்டேல்லை.”

பிட்டு அவிக்கும் அந்த ஓலைப்பெட்டி கீழ்த்தட்டில்தான் கிடந்தது. சிவனேஸ்வரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டில் இடியப்பத்தைப் பிழிந்துகொண்டே பேசினார்.

“இருபது வருசமா உம்மட முன் சீற்றில இருந்து வாறன். ஒரு தெருவைக்கூட நீர் சுத்திப் போனதை நான் காணேல்லை. ஈஸ்ட் ஹாமில எரிஞ்ச கட்டிடத்துக்குப் பின்னாலயும் பூந்து போனனீர். இப்ப ஏன் ஸாக்ரெப்பைச் சுத்துறீர்?”

“மச்சாள், ரோட்…”

“கண்டுபிடிச்சிட்டீர் என்ன.”

உரலில் மா தீர்ந்திருந்தது. சிவனேஸ்வரி அடுத்த உருண்டையை எடுத்து உள்ளே வைத்தார்.

“கல்லு ஏதும் கிடக்கோ?”

“ஓம் மச்சாள்.”

“பேர்?”

“இல்லை. மாதமும் வருசமும் கிடக்கு. சரியாக் கிடக்கு. ஆரோ விளக்குக் கொளுத்தியிருக்கினம்.”

முன்னறையில் றஜீனா எதற்கோ சிரித்தாள். சிவனேஸ்வரி அந்தத் தட்டு நிரம்பும்வரை பிழிந்தார். ஓர் இழை விலகவில்லை. தட்டை ஆவியில் வைத்து மூடிவிட்டு, மூடியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். சூடு ஏறியிருக்கும்; எடுக்கவில்லை. புவனேந்திரன்தான் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

“துஷ்யாவுக்குச் சொல்லாதையும். கலியாணம் முடியட்டும். சந்திரகுமாரிட்ட அமரர் போடாமல் அடிக்கச் சொல்லும்.”

“சரி.”

“குசுகுசுக்கிறவை குசுகுசுக்கட்டும். இவ்வளவு காலமும் அங்கையுமில்லாமல் இஞ்சையுமில்லாமல் நிண்டனான். கலியாணத்தண்டைக்கு ஒரு நாள் என்ர பிள்ளைக்குப் பக்கத்தில முழுசா நிக்கிறன். வாற வருசம் ஆடி அமாவாசைக்கு என்னைக் கொண்டுபோய் அந்தக் கல்லடியில விடும். அண்டைக்குப் பாப்பம்.”

“அப்ப இந்த முறை ஸாக்ரெப்…”

“வேண்டாம். ஆத்தங்கரையாலயே காரை விடும்.” முதல் தடவையாகச் சிவனேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தார். “ஆனா நிப்பாட்டாதையும். என்ன அழுதாலும், என்ன கத்தினாலும் நிப்பாட்டாதையும். நிப்பாட்டினால் நான் இறங்குவன். இறங்கினால், தம்பி, நான் பொட்டோட திரும்பி ஏறமாட்டன்.”

புவனேந்திரன் தலையை ஆட்டினார். முகத்தைக் குசினித் துவாயில் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

“பிள்ளை, ஸாக்ரெப்பை எடுத்துவிடும். பழைய வழியே நல்லம்.”

“இதைத்தான் முதலே சொன்னனான்” என்று துஷ்யா கோட்டை இழுத்து மாற்றினாள். நீலக்கோடு மலையிலிருந்து இறங்கி ஆற்றைத் தொட்டு, அதன் ஓரமாகவே வளைந்து வளைந்து ஓடிப் பாலத்தைக் கடந்தது. “ஆத்துக் கரையோட கொஞ்சத் தூரம்தான் சித்தப்பா. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள கடந்திடுவம்.”

புவனேந்திரன் டிவிக்குக் கிட்டப் போய் நின்றார். ஒடுங்கிய வீதி. பின்னால் வருகிறவனுக்கு முந்த இடமில்லை. ஹோர்ன் அடிப்பான், லைட் அடிப்பான். அடிக்கட்டும்.

“அவ்வளவு கெதியாக் கடக்க ஏலாது, பிள்ளை” என்றார். “அதில நான் மெல்லமாத்தான் ஓடுவன்.”