கடைக்காரர் வாங்க மறுத்த அரிசி

சகோதரிகளே, போன மழைக்காலத்தில் என் மகள் ரூத் படுத்துவிட்டாள். காய்ச்சல் விட்டும் எழும்பவில்லை. நமுனுகுலப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்து, "மருந்து வேணாம்மா. வயிறு நெறைய சோறு குடுங்க" என்றார். அதுதான் எங்களிடம் இல்லை.

தோட்டத்தில் சம்பளத்தோடு அரிசி போடுவார்கள். அதில் பாதியை என் வீட்டுக்காரர் பசறைக் கடையில் கொடுத்துப் புகையிலையாக்கிக்கொண்டு வருவார். குளிரில் பாடுபடுகிறவர், எப்படித் தடுப்பது? ரூத் தேறினால் பள்ளிக்கூடம் வேண்டாம், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் பதிந்து கொழுந்தெடுக்க அனுப்பலாம் என்றும் சொல்லிவிட்டார். பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். அழுதேன். ஆனாலும் புருஷனைக் குறைசொல்லி ஜெபிப்பது பாவமோ என்று பயந்து, பொதுவாகவே ஜெபித்துவந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் கடைக்குப் போயிருந்தார். ரூத் கஞ்சியைக் குடித்துவிட்டு, "இன்னும் இருக்காம்மா?" என்றாள். இல்லை. அடுப்படியில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்தப் புகையிலையை எங்கள் வீட்டைவிட்டு எடுத்துப்போடும்" என்று முதல்முறையாகக் கேட்டேன்.

சாயங்காலம் அவர் கொண்டுபோன அரிசியோடே திரும்பினார். அது நான் ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி எடுத்து ஆலயத்துக்குச் சேர்த்த பை. சிவப்பு நூலில் சிலுவை தைத்திருக்கும். ஆலயத்தில் சேரும் பிடியரிசியை விலைக்கு வாங்குகிற முஸ்லிம் கடைக்கார நானாவுக்கு அந்தப் பை தெரியும்.

"'தம்பி, இது ஒங்க சாமிக்கு எடுத்து வச்சது. இதுக்குப் பொயல குடுத்தா ரெண்டு பேருக்கும் பாவம், கொண்டு போ'ன்னுட்டாரு புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

தெரிந்து எடுத்தாரா, தெரியாமலா, நான் கேட்கவில்லை. பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு, "இத இப்ப ஆக்கு. அடுத்த மாசம் நான் திருப்பி வக்கிறேன்" என்றார். பயத்தோடே ஆக்கினேன். ரூத் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த மாத அரிசி முழுவதும் வீட்டுக்கு வந்தது. பையையும் அவரே நிரப்பினார். வாய் புகையிலையைத் தேடும்போது சுக்கு கடித்தார். "என்னா மச்சான், மாசமா இருக்கியா?" என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். இரண்டொரு தரம் தவறியும் போனார், மறைக்கமாட்டேன்.

ரூத் தேறினாள். தகப்பனே அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தார்.

இதை அற்புதம் என்று சொல்லலாமோ, எனக்குத் தெரியாது. கர்த்தர் கேட்டார் என்று மட்டும் தெரியும். அவருக்கே தோத்திரம். உங்கள் வீட்டிலும் பிள்ளையின் சோற்றைத் தின்கிறது ஏதாவது இருந்தால், அதன் பேரைச் சொல்லியே கேளுங்கள். நான் வெட்கப்பட்டு வாய்மூடியிருந்த நாளெல்லாம் என் பிள்ளைதான் பசியாயிருந்தாள்.