எந்தப் பள்ளி?

களியக்காவிளை மருந்துக்கடையில் பில் போடுகிற ஜாஸ்மிக்குப் பாடகர் நிலவன் என்றால் உயிர். ரசிகர் மன்றத்துக்காக இணையத்தில் அவர் பேரில் ஒரு பக்கம் தொடங்கி, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தாள். தொண்டையில் ஆபரேஷன் ஆகி அவர் பாடுவதை நிறுத்திய பிறகும் அவள் அதைக் கைவிடவில்லை.

வினை ஒரு பேட்டியில் வந்தது. பாட்டு எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, “எல்லாம் பள்ளியிலதான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் மனுஷன். நம்ம ஊரில் பள்ளி என்றால் சும்மாவா? சர்ச்சும் பள்ளி, மசூதியும் பள்ளி, பிள்ளைகள் படிக்கிற இடமும் பள்ளி. “அவரு நம்ம ஆளு. கொயர்ல பாடினவரு, அப்படியே எழுது” என்றார் மன்றத் தலைவர் ஷாஜன். “எங்க பள்ளியில பைத்துப் பாட்டு படிச்ச குரலாக்கும் அது” என்று குதித்தார் தேங்காய்ப்பட்டணம் ஜலாலுதீன். ரப்பர் தொழிலாளர் மேடையில் அவர் ஒருமுறை பாடியதை வைத்து, “ரெண்டும் இல்ல. அவரு எங்க கட்சி, சாமியே கிடையாது” என்றார் கோலப்பன்.

ஜாஸ்மிக்கும் ஆசை இல்லாமலா? அவள் வீட்டிலும் பள்ளி என்றால் சர்ச்சுதான். ஆனாலும் ‘தன் மதத்தையோ கட்சியையோ பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை’ என்றுதான் எழுதினாள். அந்த ஒரு வரிக்கு அவள் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. அசைந்தாளா? அப்படியொரு நெஞ்சழுத்தம்.

அந்தச் சமயத்தில் பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க நிலவன் வருவதாகச் சேதி வந்தது. ஷாஜன் ஒரே போடாகப் போட்டார்.

“மக்கா, நீ போய் அவருட்டயே கேட்டு வீடியோ எடுத்துட்டு வா. இல்லேன்னா பக்கத்த வேற ஆளுட்ட குடுத்துருவோம்.”

அரண்மனை வாசலில் அவர் எதிரே போனும் கையுமாக நின்றாள் ஜாஸ்மி. கேட்டால் சொல்லிவிடுவார். சொன்ன மறுநிமிடமே பாதிப்பேர் அவரைச் சொந்தம் கொண்டாடுவார்கள், மீதிப்பேர் கைகழுவிவிடுவார்கள். அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

சாயங்காலம் ஷாஜன் கூப்பிட்டார்.

“கேட்டியா?”

“கேட்டேன் அண்ணே.”

“என்ன சொன்னாரு?”

“தொண்ட சரியாயிட்டாம். அடுத்த மாசம் பாடுவாராம்.”

பக்கம் அன்றைக்கே அவள் கையைவிட்டுப் போனது. அழுதாள்தான். ஆனால், அவர் மறுபடி பாடப்போகிறார் என்பதை இந்த ஊரில் முதலில் கேட்டவள் அவளல்லவா!