வாசலில் ஒரு சோடி அதிகம்

சிக்ஸ்த் ஃபோமில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய அந்த இரண்டு வருடப் படிப்பில், முதல் வருடம் நாலு பாடம் எடுக்கலாம். கோடை வந்ததும் ஒன்றை விட்டுவிட வேண்டும். 2009 செப்டம்பரில் நான் எடுத்தவை பயோலஜி, கெமிஸ்ட்ரி, மேத்ஸ், மீடியா. எதை விடப் போகிறேன் என்பதில் லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை. அவர்கள் நினைத்தது மீடியாவை, நான் நினைத்தது கெமிஸ்ட்ரியை.

அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு அப்பா செய்தி பார்ப்பதையே விட்டிருந்தார். அதற்கு முன்பு மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையாமல் ஓடியது. ஊரில் யுத்தத்தில் சனம் செத்துக்கொண்டிருக்க, இங்கத்தைய செய்தியில் அது கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில்தான் நான் மீடியா படிக்கப் போகிறேன் என்று போய் நின்றேன்.

"அவங்கள் காட்டுறது எல்லாம் உண்மையோ? உதையும் ஒரு படிப்பெண்டு படிக்கிறதோ?" என்றார் அப்பா.

"ஏன் காட்டேல்லை எண்டுதான் படிக்கப் போறன்" என்றேன். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்.

அப்பா ஜேர்மனியில் சமையலறைகளில் வெந்து, பிறகு லண்டனுக்கு வந்து வயரிங் வேலை பழகியவர். அவரோடு வாதாடுவது லேசான காரியமில்லை. "ஒரு வருசம் விளையாட்டுக்குப் படி. பிறகு விட்டிடோணும். கெமிஸ்ட்ரி இல்லாமல் டொக்டராகேலாது, பிள்ளை" என்று முடித்துவிட்டார்.

மீடியா வகுப்பில் முதலில் தந்த வேலை சின்னது. ஒரு மனிதர் கதவைத் திறக்கிறார், அறைக்குள் நடந்து வருகிறார், கதிரையில் அமர்ந்து எதிரே இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசுகிறார். இவ்வளவுதான். ஆனால் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய பிறகு, ஒட்டு தெரியாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். எனக்குக் கூட்டாக வந்தவள் பக்கத்து ஊரான பார்க்கிங்கைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். படம் பிடிக்க எங்கள் வீட்டைத் தேர்ந்தோம். வேறு நடிகர் கிடைக்காததால் மனிதர் அப்பா, எதிரே இருப்பவர் அம்மா. தெருவில் நின்று அப்பா கதவைத் திறப்பதைத் தோழி எடுத்தாள். பிறகு கமராவை வாங்கிக்கொண்டு, அப்பா உள்ளே நடந்து வருவதை நான் எடுத்தேன். இரண்டையும் வெட்டி ஒட்டியதும் நானே. அழகாக ஒட்டியிருக்கிறேன் என்ற நினைப்போடு வகுப்பில் போட்டுக் காட்டினேன்.

வகுப்பு சிரித்தது. ஆசிரியை திருப்பிப் போட்டார். மறுபடியும் சிரித்தது. எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

"அவருடைய சப்பாத்து எங்கே போனது?" என்று கேட்டான் ஒருவன்.

அப்போதுதான் பார்த்தேன். வாசலில் கதவைத் திறக்கும்போது அப்பாவின் காலில் வேலைக்குப் போடும் பெரிய கறுப்புச் சப்பாத்து. அடுத்த கணமே முன்னறையில் வெள்ளைக் காலுறையோடு நடக்கிறார். எங்கள் வீட்டில் சப்பாத்து வாசலோடு நின்றுவிடும். கமரா ஓடினாலும் ஓடாவிட்டாலும் அப்பா அதைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். அதில் சொல்ல என்ன இருக்கிறது? தோழியும் ஏற்கெனவே கவனித்திருக்கிறாள். தமிழ்ப் படங்களில் அப்படித்தான் காட்டுவார்களாக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாளாம்.

"கழற்றியதை நீ காட்டவில்லையே" என்றார் ஆசிரியை.

"அவர் காலையில் பல் துலக்கியதையும்தான் காட்டவில்லை" என்றேன்.

இந்த முறை வகுப்பு என் பக்கம் நின்று சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். ஆனால் திருத்திக்கொண்டு வரச் சொன்னார்.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, சப்பாத்தோடு ஒருமுறை உள்ளே நடந்து காட்டும்படி அப்பாவைக் கேட்டேன்.

"மாதா படத்துக்கு முன்னால சப்பாத்தோட நடக்கிறதோ? என்னால ஏலாது" என்றார்.

முன்னறைச் சுவரில் மாதா இருந்தார், உண்மைதான். அம்மாவும் அப்பாவின் கட்சி. வேறு வழியில்லாமல், அப்பா குனிந்து நாடாவை அவிழ்ப்பதைக் கிட்ட வைத்து எடுத்து இடையில் சேர்த்தேன். ஒட்டுத் தெரியவில்லை. அந்த வேலை அதோடு முடிந்தது.

ஆனால் வாசலில் முழங்காலிட்டு அதை எடுத்துக்கொண்டிருந்தபோது, கதவைத் திறந்து உள்ளே வந்த அம்மா முதலில் கீழே பார்த்தார். பார்த்துவிட்டு, "மோர்டன் மாமி வந்திட்டாவோ?" என்றார். மோர்டனில் இருக்கும் மாமியின் செருப்பு அங்கே கிடந்தது. யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் குரல் கொடுத்துக் கேட்கத் தேவையில்லை, குனிந்து பார்த்தால் போதும். அப்படியானால், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சோடி அங்கே கிடந்தால்?

அந்த வருடத்தின் பெரிய வேலை, எடுக்கப்படாத ஒரு திரைப்படத்தின் முதல் இரண்டு நிமிடங்களை எடுப்பது. வகுப்பில் பாதிப் பேர் காட்டுக்குள் ஓடும் பெண்ணை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வாசலை எடுத்தோம். தம்பி வந்து கழற்றுகிறான். நான் வந்து கழற்றுகிறேன். அம்மா வந்து கழற்றிவிட்டு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குகிறார். முகங்களே கிடையாது, கால்கள் மட்டும். கடைசியாக அப்பா. அவர் குனிந்து நாடாவை அவிழ்க்கும்போது, வரிசையின் முடிவில் பளபளவென்று ஒரு பெரிய மண்ணிறச் சோடி. அந்தச் சோடியைத் தோழி ஒரு பழைய சாமான் கடையில் பிடித்தாள். யார் போட்டதோ தெரியாததை வாசலில் வைப்பதாவது என்று அம்மா அதன் மேல் மாதா கோயிலில் ஆசீர்வதித்த தண்ணீரைத் தெளித்த பிறகுதான் படப்பிடிப்பு நடந்தது.

முதல் தடவை அப்பா அந்தச் சோடியைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். தோழி கமராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா பார்த்தால் காணும்" என்றேன்.

இரண்டாவது தடவை பார்த்தார். குனிந்தபடியே, அசையாமல் பார்த்தார். அதோடு நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், கழற்றி வைத்த தன் சப்பாத்தை மெல்லத் திரும்ப எடுத்து, சத்தமில்லாமல் காலில் மாட்டினார். நாடாவை இறுக்கிக் கட்டினார். எழுந்து, சப்பாத்தோடு முன்னறைக்குள் போனார். தோழி கமராவை அவர் பின்னாலேயே திருப்பினாள். கெட்டிக்காரி.

நான் சொல்லிக்கொடுக்காத காரியம் அது. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உள்ளுக்குக் கள்ளன் நிண்டால் வெறுங்காலோட போவனோ?" என்றார். பிறகு துணியை எடுத்து வந்து, தான் நடந்த இடத்தையெல்லாம் துடைத்தார். அவர் துடைக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எங்களிடம் ஒரு நல்ல படம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் அதைக் கூச்சமில்லாமல் சொல்வேன்.

கோடைக்கு முன்பு கல்லூரி மண்டபத்தில் எல்லோருடைய படங்களையும் பெற்றோருக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தப் பாடத்தை விடுகிறோம் என்று சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். அப்பா வேலை முடிந்து நேரே வந்து, அம்மாவோடு பின்வரிசையில் இருந்தார். எங்கள் படம் தொடங்கியது. ஒவ்வொரு சோடியாக வாசலில் சேரச் சேர மண்டபத்தில் சின்னச் சின்னச் சிரிப்புகள். மண்ணிறச் சோடி வந்ததும் சிரிப்பு நின்றது. திரையில் அப்பா சப்பாத்தைத் திரும்பப் போடத் தொடங்கினார். முன்னால் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, "ஐயோ, உள்ளே போகாதே" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். அவருடைய வீட்டில் சப்பாத்தோடுதான் நடப்பார்களாக இருக்கும். ஆனாலும் இரண்டு நிமிடத்தில் அவரை எங்கள் வாசலுக்குள் கொண்டுவந்துவிட்டோம். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மீடியாவைத் தொடரலாமா என்று அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டு 'இல்லை' என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்றமாட்டார். எனக்கு அந்தப் பயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். அப்பாவுக்குத் தெரிந்த மன்னார்க்காரர் ஒருவர் கை கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன, மகள் டொக்டருக்குத்தானே படிக்கிறா?"

"இல்லை அண்ணை" என்றார் அப்பா. "மீடியா படிக்கிறா. அதோட பயோலஜி, மேத்ஸ்."

கெமிஸ்ட்ரியும் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அப்பா அதோடு நிறுத்திக்கொண்டார்.