வெற்றி என்று திரையில் வந்த பிறகு

தென்காசியில் வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். அது என்ன வேலை என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கிப் பார்த்து அலுத்துவிட்டேன். "கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிக்கிட்டே இருக்கா" என்பதுதான் எங்கள் தெருவில் எனக்குக் கிடைத்திருக்கும் பதவி. கம்பெனியில் கிடைத்த பதவியும் ஏறக்குறைய அதுதான், பெயர் மட்டும் நீளம்.

கம்பெனி விற்பது தங்கும் விடுதிகளுக்கான அட்டைப் பூட்டு. சாவிக்குப் பதில் பிளாஸ்டிக் அட்டை. வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரோடு ஒரு சின்னப் பெட்டியைச் சேர்த்திருப்போம். அதில் அட்டையை வைத்தால் அறை எண்ணும் தங்கும் நாளும் பதிவாகிவிடும். பதிக்கிற வேலையைச் செய்வது, கம்ப்யூட்டருக்குள் முகம் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். அதைச் சர்வீஸ் என்போம்.

போன சாரல் சீசனில் பழைய சர்வீஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது என்று முடிவானது. வழக்கமாக இதையெல்லாம் இருந்த இடத்திலிருந்தே செய்துவிடுவோம். இந்தத் தடவை எங்கள் டீம் லீட், "ஃபீல்டுக்குப் போனாத்தான் ரிஸ்க் தெரியும்" என்றார். எங்கள் பூட்டு மாட்டிய விடுதிகள் தமிழ்நாடு முழுக்க இருக்க, ரிஸ்க் இருப்பதாக அவருக்குத் தோன்றியது குற்றாலத்தில். அதைப் பார்க்க மனைவியையும் அழைத்து வந்தார்.

சர்வீஸை மாற்றும் இன்ஸ்டாலரை அவரே எழுதியிருந்தார். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரின் சிஸ்டம் லைப்ரரியிலேயே அதற்கென்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. எதை நீக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தால், வரி வரியாகப் படித்து, அதில் உள்ளபடி செய்துவிட்டு "ஆம்" அல்லது "இல்லை" என்று பதில் சொல்லும். "ஆம்" என்று சொன்ன பிறகும், வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதை இன்னொரு முறை கேட்க வேண்டும். விளக்கக் குறிப்பில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். லீட் குறிப்புகளைப் படிப்பவர் அல்ல, எங்களுக்கு அனுப்புபவர்.

அன்று காலை பதினொரு மணிவாக்கில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. விடுதி முதலாளி லீடுக்குப் பொன்னாடை போர்த்துகிறார். பின்னால் கம்ப்யூட்டர் திரையில் பச்சை எழுத்தில் வெற்றி என்று ஒளிர்கிறது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மத்தியானம் சோற்றில் கை வைத்திருந்தபோது முதலாளி ஃபோன் செய்தார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு விடுதி கட்டியவர். உள்ளூர் ஆள் என்பதால் என் நம்பர் அவரிடம் இருந்தது.

"யம்மா, நீ கொஞ்சம் வந்துட்டுப் போ. இங்கன ஒரு கதவும் தொறக்க மாட்டேங்கு. உங்க சாரும் துண்டோட நிக்காவ."

பஸ் பிடித்துப் போனேன். வரவேற்பறை முழுக்க ஈரம். அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு அட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் லீட் எண்ணெய்த் தேய்ப்புக்குப் போய்விட்டு வந்திருந்தார். தலை முதல் கால் வரை மினுமினுக்க, இடுப்பில் துண்டோடு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு நாள் தங்குவதாகச் சொல்லி அருவிக்குப் போகும் முன்புதான் அவரும் அட்டையைப் புதிதாகப் பதிந்து வாங்கியிருக்கிறார். அன்று பொன்னாடைக்குப் பிறகு கொடுத்த அட்டை எதுவுமே எந்தக் கதவையும் திறக்கவில்லை.

முதலாளியிடம் அவசரத்துக்கு என்று ஒரே ஒரு இரும்புச் சாவி உண்டு. அதை வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார். "சர்வீஸ்ல இருந்தப்பக்கூட இம்புட்டு ஏச்சு வாங்கலம்மா" என்றார் என்னிடம். லீடின் அறையை மட்டும் அவர் இன்னும் திறக்கவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் சொன்னார்.

"கோட்ல பிராப்ளம் இல்ல" என்றார் லீட் என்னைப் பார்த்ததும். "சக்ஸஸ் வந்துச்சு, நானே பார்த்தேன். இந்த ஊர்ல ஈரம் ஜாஸ்தி. பாக்ஸுக்குள்ள தண்ணி போயிருக்கும்."

பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அந்த அறையிலேயே காய்ந்திருந்தது அது ஒன்றுதான்.

லேப்டாப்பில் நாலு வரி எழுதி மேஜைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அந்த ஸ்கிரிப்டை அதே ஃபங்ஷனிடம் மறுபடி கொடுத்தேன். ஆம் என்றது. வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். உண்டு, மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் வேலை முழுசாக முடியும் என்றது. பழைய சர்வீஸ் போகாமல் பாதியில் நிற்கிறது, புதியது இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மேஜையில் இருந்த எங்கள் மென்பொருளோ ஒவ்வொரு அட்டைக்கும் "பதிந்தாயிற்று" என்று காட்டிக்கொண்டிருந்தது. அதை எழுதியதும் லீடின் கைதான்.

"சார், அது ரீஸ்டார்ட் பண்ணணும்னு காலைலயே சொல்லிருக்கும். நம்ம இன்ஸ்டாலர் கேக்கவே இல்ல."

"ஓகேன்னு சொன்னதுக்கப்புறம் எதுக்கு இன்னொரு வாட்டி கேக்கணும்?"

சுவரோரம் ஈரச் சுடிதாரோடு நின்றிருந்த அவருடைய மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். "கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சான்னு கேட்டா இவரும் ஓகேன்னுதான் சொல்லுவாரு. இன்னொரு வாட்டி கேட்டாத்தான் தெரியும்."

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். லீட் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ரீஸ்டார்ட் என்றதும் முதலாளி படியில் இருந்தபடியே கையை ஆட்டினார். "அந்தச் சோலியே வேண்டாம். போன தடவ கரண்டு போயி அமந்தது, மதுரையிலேர்ந்து ஆள் வந்துல்லா எழுப்பினான். சீசன் முடியட்டும், அப்பறம் எத்தன தடவ வேணும்னாலும் அமத்தி வெளயாடுங்க."

அணைக்காமல் செய்ய வேண்டுமென்றால் ஒரே வழிதான். பழைய சர்வீஸைப் போகவிடாமல் எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேட அதிக நேரம் ஆகவில்லை. கம்ப்யூட்டரில் ஓடும் சர்வீஸ்களை எல்லாம் வரிசையாகக் காட்டும் ஜன்னல் ஒன்றை யாரோ திறந்து, சுருக்கிக் கீழே வைத்திருந்தார்கள். அது திறந்திருக்கும் வரை நீக்கிய சர்வீஸ் முழுசாகப் போகாது.

"அண்ணாச்சி, இத யாரு திறந்தது?"

"உங்க சார்தாம்மா. காலைல எனக்குக் காட்டுனாவ. இது பூராம் எங்க கன்ட்ரோல்ல இருக்குன்னு சொன்னாவ."

லீட் அருவி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலை மூடினேன். பழையது போய்விட்டது. புதியதைக் கையாலேயே ஓடவிட்டு, முன்னால் நின்ற ஒரு அம்மாவின் அட்டையைப் பதிந்து கொடுத்தேன். மாடியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் வரிசை மொத்தமும் மேஜையை மொய்த்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. லீடின் அட்டையைக் கடைசியில்தான் பதிந்தேன். வாடிக்கையாளர்தான் முதலில் என்பது அவர் எங்களுக்கு அடிக்கடி அனுப்பும் வாசகம்.

அடுத்த வாரம் அவருடைய அறிக்கை வந்தது. காரணம்: வட்டார ஈரப்பதம். தீர்வு: களத்தில் உடனடித் தலையீடு. தலையிட்டது யார் என்று இல்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பிறகு இன்ஸ்டாலரைத் திறந்து, ஃபங்ஷனிடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் வரிகளைச் சேர்த்தேன். ரீஸ்டார்ட் தேவை என்று பதில் வந்தால், திரையிலும் அப்படியே சொல்லும்படி எழுதி அனுப்பினேன்.

உடனே லீடிடமிருந்து ஃபோன் வந்தது. "ரீஸ்டார்ட்னு போட்டா கஸ்டமர் பயந்துடுவாங்க. கொஞ்சம் பாசிட்டிவா போடேன். வெற்றி, இன்னும் சிறிது நேரத்தில் முழு வெற்றின்னு."

"சரி சார். அடுத்து ஊட்டில போடப் போறோம்ல. இந்த மெசேஜோட நீங்களே ஃபீல்டுக்குப் போறீங்களா? அங்க குளிரு ஜாஸ்தி, துண்டு மட்டும் பத்தாது."

"ரீஸ்டார்ட்னே போடு" என்று வைத்துவிட்டார்.

அந்த மாதம் புதிய பதிப்பு வெளியானது. கூட வந்த குறிப்பில் முதல் வரியே, "எங்கள் டீம் லீடின் கள அனுபவத்தில் உருவான கூடுதல் பாதுகாப்பு வசதி" என்றுதான் தொடங்கியது. அதற்குக் கீழே கம்பெனியே கட்டைவிரலை உயர்த்தியிருந்தது. என்னுடையதையும் சேர்த்துவிட்டு, ஊட்டி விடுதிக்கான ஸ்கிரிப்டைத் திறந்தேன்.