ஊர் வேலையைக் காப்பாற்றிய தியாகராசன்

டீ டம்ளரை இடது கையில் வட்டமாகச் சுழற்றிக்கொண்டே, வலது கை ஆள்காட்டி விரலால் வடக்குத் திசையைக் குத்திக் காட்டுகிறார் தியாகராசன். காலை டீ அவருக்கு அப்படித்தான் உள்ளே இறங்கும். வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர்களைத் திட்டுவதில் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் குரலைக் கேட்டு, கும்பகோணத்தில் ரயிலை விட்டு இறங்க வேண்டிய ஒரு கூட்டம் இறங்காமலே தஞ்சாவூருக்குப் போய்விட்டது என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறோம். உண்மையில் அந்தக் குரல் பக்கீர் முகம்மதுவின் டீக்கடையைத் தாண்டி எதிரிலுள்ள மோட்டார் கொட்டகை வரைக்கும்தான் போகும்.

விவசாயி என்றுதான் சொல்லிக்கொள்கிறார். வேட்டி மட்டும் அதை ஒப்புக்கொள்ளாது, அத்தனை வெளுப்பு. வரப்பில் குடை பிடித்து நின்று, வயலுக்குள் இருப்பவர்களின் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது அவருடைய பங்கு. சட்டைப்பையில் கோடாலித் தைலம் ஒரு குப்பி. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் மகன் பரணிதரன் கொடுத்தனுப்பியது. பேச்சு சூடேறும்போது அதைத் திறந்து ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார்.

“சோம்பேறிப் பயலுவ. நம்ம ரேஷன் அரிசியத் தின்னுட்டுத் தூங்குறானுவ” என்று தொடங்குவார். ஒரு வாய் டீ. “விடியிறதுக்கு முன்ன வயல்ல எறங்கிடுறானுவ. நம்ம ஆளு ஒரு வயல நடுறதுக்குள்ள மூணு வயல நட்டுப்புடுறானுவ. அப்பறம் நம்ம சனத்துக்கு ஏது வேல?” தூங்கிக்கொண்டே ஒருவன் மூன்று வயலை நடுவது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் இன்னொரு டீ நேரம் உட்கார வேண்டிவரும்.

அவர் சொல்லும் ஆட்கள் வங்காளத்திலிருந்து வந்த நடவு ஆட்கள். பேசுவது வங்காளம். தியாகராசனுக்கு ஓசூரைத் தாண்டினால் எல்லாம் இந்திதான். அவர்களுடைய மேஸ்திரி சுபல், வந்த முதல் போகத்திலேயே தமிழ் பேசப் பழகிவிட்டான். தியாகராசன் அவனிடம் இன்றுவரை கையை ஆட்டித்தான் பேசுகிறார்.

வேலை என்பது அவர் கணக்கில் கோயில் பொங்கல் அண்டா. வெளியூர்க்காரன் இலையில் ஒரு கரண்டி விழுந்தால் உள்ளூர்க்காரனுக்கு ஒரு கரண்டி போச்சு. அண்டாவுக்குப் பக்கத்தில் வந்தவனே இன்னொரு அடுப்பு மூட்டக்கூடும் என்பது அவருக்குத் தோன்றியதில்லை. சம்பாதிப்பதையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிடுகிறானே என்பது அடுத்த குறை. இதை அவர் சொல்வது, மகன் அனுப்பிய பணத்தில் எழுந்த மாடியைப் பார்த்தபடி.

டீ ஆற்றிக்கொண்டிருந்த பக்கீர் ஒருநாள் தலை நிமிராமலே கேட்டார். அவர் மகன் அஸாரும் ஷார்ஜாவில் இருக்கிறான்.

“அப்ப சிங்கப்பூர் டீக்கடையில உங்க புள்ளையப் பத்தியும் ஒருத்தர் இப்புடித்தான் பேசிட்டிருப்பாரோ?”

“அவன் போனது ஒழைக்க, பாய்.”

“இவனுவ?”

“இவனுவ வந்தது புடுங்க.”

சொல்லிவிட்டுத் தைலத்தை ஆழமாக இழுத்தார்.

பேச்சோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். புரட்டாசியில் பிள்ளையார் கோயில் வாசலில் கூட்டம் போட்டு, நடவுக்கு உள்ளூர் ஆளைத்தான் வைக்க வேண்டும், வெளியாளுக்குத் தங்க இடம் கொடுக்கக் கூடாது என்று பேசினார். ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். உள்ளூர் ஆளைத் தேடுவது அடுத்த வீட்டுக்காரன் பாடு, நமக்கு எப்படியும் சுபல் வந்துவிடுவான் என்று ஒவ்வொருவர் மனசிலும் ஓர் எண்ணம். தியாகராசன் மனசிலும் அதுதான். பக்கீர் கடைக்குப் பின்னாலிருந்த பழைய சாக்குக் கிடங்கில்தான் சுபல் ஆட்கள் படுத்திருந்தார்கள். ஊர் சொன்னபின் அவரால் மறுக்க முடியவில்லை. அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் வாசலில் நின்று வரவேற்றார்களாம்.

ஊர் வேலையைக் காப்பாற்றியதில் முதலில் வேலை போனது பூவம்மாளுக்கு. முன்பு நடவுப் பெண்களின் கொத்துக்குத் தலைமையாக நின்றவள், இப்போது சுபல் ஆட்களுக்குச் சோறு பொங்கிப் போடுகிறவள். கூடமாட இரண்டு பெண்களை வேறு வைத்திருந்தாள். மூன்று பேரும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பக்கீர் கடையில் சுபல் ஆட்களுக்கென்றே வாங்கி வைத்த கடுகெண்ணெய் பாட்டில்களின் மேல் தூசி படிந்தது.

அதற்குள் தியாகராசனின் நாற்றங்காலில் நாற்று முற்றத் தொடங்கியது. நாற்று வயது கடந்தால் கணு விட்டுவிடும். பிடுங்கி நட்டாலும் தூர் கட்டிப் பெருகாது. ஐப்பசி மழை பிடித்தால் வயலில் காலே வைக்க முடியாது. நடவு மெஷினுக்கு என்றால் நாற்றைத் தட்டில் வளர்த்திருக்க வேண்டும். இவர் வளர்த்தது தரையில். இந்த வாரம் நடவில்லை என்றால் இந்தச் சம்பா இல்லை.

குடையை மடக்கிக்கொண்டு பூவம்மாள் வாசலுக்குப் போய், உங்கள் வேலையை மீட்டுக் கொடுத்துவிட்டேன், நாளைக்குக் காலையில் கொத்தை அழைத்துக்கொண்டு வா என்று சொன்னார்.

பூவம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “எந்தக் கொத்து அண்ணே? ஒருத்தி ஜவுளிக்கடைக்குப் போறா, ஒருத்தி தையலுக்குப் போறா, எனக்கு முட்டி போயிடுச்சு. எங்க வேலைய எவனும் புடுங்கல. கூலி கூடக் கேட்டப்ப, கட்டுபடியாவாது, போங்கன்னு சொன்னது யாரு? நீங்கதான. அப்பறந்தான அவனுவ வந்தானுவ. ரெண்டு வருசம் தரிசாக் கெடந்த உங்க மேலக்கட்டளை வயல நட்டது யாரு? நானா?”

தியாகராசன் சட்டைப்பையைத் தடவினார். குப்பி வீட்டில் இருந்தது.

“எனக்குப் போன வேலைய மொதல்ல மீட்டுக் குடுங்க. பொறவு மத்தவளுவளுக்குப் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டினார். சுபல் ஆட்கள் கயிறு பிடித்து வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்றார். கையை ஆட்டிப் பார்த்தார். சுபல் நிமிரவில்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து, “தம்பி” என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து அந்தத் திசை நோக்கிப் புறப்பட்டது அதுவே முதல் தடவை.

சுபல் நிதானமாகச் சொன்னான். கிடங்கு திறந்தால் வரலாம். பாதி ஆளைத்தான் பிரித்து அனுப்ப முடியும். “நடுற ஆளு இருக்கு ஐயா. நாத்து தூக்குற ஆளு இல்ல.”

கிடங்கைத் திறப்பதில் சிரமமில்லை. பக்கீர் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தார். நாற்று தூக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. கை தூக்கிய வீடுகளுக்கெல்லாம் நடந்தார். எல்லா வீட்டிலும் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் இவரிடமே ஆள் கேட்டார்கள்.

வெளுத்த வேட்டியை அவர் தார்ப்பாய்ச்சிக் கட்டியதை ஊர் பார்த்தது. முடி முடியாகக் கட்டிய நாற்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் போனார். முதல் நடையிலேயே சறுக்கி, முடியும் தாமுமாக வயலில் உட்கார்ந்தார். “ஐயா, முடி!” என்று வயலுக்குள்ளிருந்து குரல் வரும், இவர் ஓடுவார். “அங்க இல்ல, இங்க” என்று வரும். எடுத்து மாற்றிப் போடுவார். மழைக்கு முன்னால் கடைசி வயலும் பச்சை பிடித்தது. மறுபடி அடுப்பு மூட்டிய பூவம்மாள், சோற்றுக் கூடையோடு வந்து, வரப்பில் அவர் இறக்கி வைத்த குடையைத் தான் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

நடவு முடிந்த சாயங்காலம் டீக்கடையில் முழங்கால் சேற்றோடு உட்கார்ந்து, தியாகராசன் பக்கீரிடம் விளக்கினார்: “எல்லாம் நம்ம மேப்பார்வ பாய். பாவம், வேல இல்லாம அலஞ்சானுவ, கூப்புட்டுக் குடுத்தேன். இவனுவள வேல வாங்கத் தெரியணும்.”

சுபல் டீ சொல்லிக்கொண்டிருந்தான். வேலை முடிந்த அன்று ஆட்களுக்கு மேஸ்திரி டீ வாங்கித் தருவது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு தலையாக விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தவன், பெஞ்சின் கோடியில் தியாகராசன் தலையிலும் விரலை வைத்தான்.

“அவரு மொதலாளிப்பா. அவரு டீ தனி” என்றார் பக்கீர்.

“இல்ல பாய். ஐயா நம்ம செட்டு. நாத்து தூக்குற ஆளு” என்றான் சுபல். “கொஞ்சம் ஸ்லோ. பழகிடும்.”