மூன்று அடி, ஓர் இடைவெளி, இரண்டு அடி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாத மதியம். வருசநாட்டைத் தாண்டி, பேருந்து திரும்பிப் போகிற கடைசி ஊரில் கோயில் வருடாபிஷேகம். நான் மைக் செட் வேலைக்குப் போயிருந்தேன். பந்தியில் நூறு பேருக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பாட்டைப் போட்டேன். அரை நிமிடத்தில் பந்தி காலியாகிவிட்டது. சாம்பார் ஊற்றிய இலைகள் மட்டும் அப்படியே கிடந்தன.

அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு, என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் மார்க்கையன்கோட்டைப் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். திராட்சை லாரியில் ஏறிக் கொச்சிக்குப் போனேன். அங்கே ஹோட்டலில் மேசை துடைத்தேன். அப்புறம் இரண்டு வருடம் ஏலத்தோட்டம். அதன் பிறகு பெங்களூரு. அங்கே ஒரு பாரில் கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோதுதான், சனிக்கிழமைதோறும் ஒருவர் லேப்டாப்பை வைத்து டிரம் அண்ட் பேஸ் என்கிற வகை இசையை வாசிப்பதைக் கேட்டேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே டிரம் தலைதெறிக்க ஓடும். கீழே பேஸ் எருமை நடப்பதுபோல மெதுவாக, கனமாக நடக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே பாட்டு. ஓரிடத்தில் நிற்காத என் கால்களுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது.

அவர் வேறு ஊருக்குப் போகும்போது தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நானாகவே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். மூன்று வருடம் கழித்து அதே பாரில் என்னை வாசிக்க விட்டார்கள். பிறகு கொச்சியில், கோவாவில் சின்னச் சின்ன மேடைகள். அது வயிற்றுக்குப் போதாது. கை காலியாகும்போதெல்லாம் தேனிப் பக்கம் வந்து, கிடைத்த வேலையைச் செய்வேன்.

அப்படி ஒரு தடவை, நான் சொன்ன அந்தக் கடைசி ஊரில் இலவம் பஞ்சுக் குடோனில் ஒரு மாதம் வேலை பார்த்தேன். குடோனுக்குப் பின்னால் மக்காச்சோளக் காடு. அதில் ஓர் அக்கா பரண்மேல் உட்கார்ந்து, எண்ணெய்த் தகரத்தைக் குச்சியால் தட்டிக் கிளி விரட்டுவார். தூங்கி வழிந்துகொண்டே தட்டுவதுபோல இருக்கும். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்ய நான் போனை நீட்டியதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"தகரத்தப் போயிப் புடிக்கிறீகளே தம்பி, ஒங்க ஊர்ல தகரமே இல்லையா?"

வேலை முடிந்து நான் கிளம்பிய அன்று, விடியற்காலையில் மேட்டுப்பக்கம் போயிருந்தேன். அந்த அக்காவின் தகரம் திடீரென்று வேறு மாதிரி கேட்டது. வேகமாக மூன்று அடி, ஓர் இடைவெளி, இரண்டு அடி. நிறுத்தாமல் அதையே அடித்தார். அடுத்த காட்டிலிருந்து இன்னொரு தகரம் அதை வாங்கிக்கொண்டது. அப்புறம் மூன்றாவது தகரம். எல்லாம் மலையில் மோதித் திரும்பி வந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. போனில் சார்ஜ் தீரும்வரை பதிவு செய்தேன். இறங்கி வரும்போது சிலர் கம்போடு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். என்ன, ஏது என்று நான் கேட்கவில்லை. ஏழு மணி பேருந்தை விட்டுவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

அந்தத் தகரத்தை வைத்து நான் செய்த பாட்டுதான் எனக்குக் கொஞ்சம் பெயர் வாங்கிக் கொடுத்தது. முதல் அரை நிமிடம் தகரம் மட்டும் ஒலிக்கும். அதற்குப் பிறகுதான் டிரம்மும் பேஸும் உள்ளே வரும். இணையத்தில் நிறையப் பேர் கேட்டார்கள். புத்தாண்டுக்குக் கோவாவில் பெரிய மேடையில் வாசிக்க அழைப்பும் வந்தது. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் சின்னமனூர் மைக் செட் முதலாளியோடு அந்தக் கோயிலுக்குப் போனேன்.

முதலாளி சாப்பிட உட்கார்ந்தார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நான் மட்டும். இலவ மரத்தின் உச்சியில் நான்கு குழாய் ஸ்பீக்கர், கீழே ஆள் உயரத்துக்குப் பாக்ஸ். இந்தப் பள்ளத்தாக்கில் என் பாட்டை நான் ஒரு தடவைகூடப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டதில்லை. ஆசை யாரை விட்டது? போனைச் செருகினேன்.

அவர்கள் ஊர்த் தகரம். அவர்கள் மலையின் எதிரொலி. முதலில் யாரோ ஒருவர் கையை உதறிவிட்டு எழுந்தார். பிறகு எல்லோரும் ஓடினார்கள். ஆண்கள் காட்டுப் பக்கம், பெண்கள் பிள்ளைகளைத் தேடி. எதற்கு ஓடுகிறார்கள் என்று புரியாமலே பாட்டை நிறுத்தினேன். முதலாளி எச்சில் கையோடு வந்தார்.

"ஏலே, என்னத்தலே போட்ட?"

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்களில் அந்த அக்காவும் ஒருவர். அவருடைய ஆறு வயது மகள் மற்ற பிள்ளைகளோடு ஓடையில் விளையாடப் போயிருந்தாள். மகளைத் தூக்கி வர ஓடியவர் பாறையில் வழுக்கி விழுந்ததில், வலது மணிக்கட்டு முறிந்துபோனது. மகள் ஓடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். யானை எங்கேயும் இல்லை.

ஆமாம், யானை. மூன்று அடி, இடைவெளி, இரண்டு அடி என்றால் யானை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முந்தின வருடம்தான் அந்த ஊரில் ஒருவர் யானையிடம் மாட்டிச் செத்துப்போயிருந்தார். ஜீப்பில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்த அக்காதான் இதையெல்லாம் எனக்குச் சொன்னார். கை தொங்கிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். அப்புறம் கேட்டார். "அன்னைக்கி விடியக்கால அடிச்சத எடுத்துட்டுப் போனீகளா? கேட்டுருந்தா சொல்லிருப்பேன்ல தம்பி."

அக்காவை மாவுக்கட்டோடு அழைத்து வந்தபோது ஊரே கோயில் முன்னால் நின்றது. இரண்டு மூன்று அறை விழுந்தது. நான் தடுக்கவில்லை. முதலாளி எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் கையை ஓங்கியபோது அந்த அக்கா நடுவே வந்தார்.

"இவுகள அடிச்சா எங் கை கூடிருமா? அவரு ஏலத்தோட்டத்துக்குப் போயிட்டு வாரம் ஒருக்காத்தேன் வாராக. அறுப்புக்கு இன்னும் அஞ்சு வாரம் கெடக்கு. தகரம் அடிக்கக் கை வேணும். இங்கனயே இருந்து காக்கச் சொல்லுங்க."

அவர் என்று சொன்னது தன் கணவரை. எனக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை, நியாயமாகத் தெரிந்தது. வர முடியாது என்று கோவாவுக்குச் செய்தி அனுப்பினேன். அதற்குப் பதிலும் வரவில்லை, பிறகு அவர்கள் என்னைக் கூப்பிடவும் இல்லை.

இரவுக்காவலை ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பார்த்தார்கள். விடியலிலிருந்து பொழுது சாயும்வரை நான். பஞ்சுக் குடோனில் படுக்கை, அக்கா வீட்டில் சாப்பாடு. இத்தனை வருடம் தாளத்தோடு கிடந்தவனுக்குத் தகரம் தட்டுவது ஒரு வேலையா என்று நினைத்தேன். முதல் நாளே அக்கா வரப்பில் நின்று சிரித்தார். "தம்பி, கிளி போகல. ஒங்க மேளத்துக்கு ஆடிக்கிட்டு இருக்கு." தாளம் சீராக இருந்தால் கிளிக்கு அது பழகிவிடுமாம். எப்போது விழும் என்று தெரியாமல் அடிக்க வேண்டுமாம். தூங்கி வழிந்து தட்டுகிறார் என்று நான் நினைத்ததன் காரணம் அதுதான். ஒழுங்கில்லாமல் அடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது.

அதற்குள் ஊர் இளவட்டங்கள் என் பாட்டை இணையத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். டீக்கடையில் நான் நுழைந்தால் போனில் அதைப் போட்டுச் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் தட்டில் அதையே தட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

மூன்றாவது வாரம், பனி இறங்கிய ஒரு விடியற்காலை. இரவுக்காவலுக்கு இருந்தவர்கள் வீட்டுக்குப் போக, அப்போதுதான் பரணில் ஏறியிருந்தேன். காட்டோரத்தில் சோளத்தட்டை முறிகிற சத்தம். பனிக்குள்ளே இரண்டு பெரியதும் ஒரு குட்டியும். குச்சியை எடுத்து அடித்தேன். மூன்று அடி, இடைவெளி, இரண்டு அடி.

அடுத்த காட்டுத் தகரம் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

மறுபடி அடித்தேன். ஊர்ப்பக்கமிருந்து யாரோ சிரித்தபடி கத்தியது பனியில் தெளிவாகக் கேட்டது. "பாட்டுக்காரருக்கு விடிஞ்சிருச்சுடோய்!"

தகரத்தின் ஒரு பக்கம் உள்ளே போகும்வரை அடித்தேன். யாரும் வரவில்லை. யானைகள் அவசரப்படாமல் தின்றுகொண்டே என் பக்கமாக வந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. கடைசியில் அந்த அக்காதான், மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். வரும் வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் கத்திய பிறகுதான் ஊர் எழுந்தது. பந்தமும் வெடியுமாக வந்து யானைகளைத் திருப்பிவிட்டபோது கால்வாசிக் காடு தரையோடு கிடந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று என்னை யாரும் அடிக்கவில்லை. சிரித்தவர் முறிந்த தட்டைகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் இணையத்திலிருந்து பாட்டை எடுத்துவிட்டேன். போனிலும் லேப்டாப்பிலும் அழித்தேன். அக்காவிடம் சொன்னபோது, "நீங்க அழிச்சிட்டீக. கேட்டவுக காதுல இருந்து எப்புடி அழிப்பீக?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துக் கேட்டார்.

மாலையில் ஊர் கூடியது. இனி அந்த அடி ஆகாது, வேறு அடி வைக்க வேண்டும் என்று முடிவானது. இவன் இருக்கும்போது பேச வேண்டாம் என்று ஒருவர் என்னைக் காட்டினார். எனக்கும் அது சரியென்றே பட்டது. எழுந்துவிட்டேன்.

"காவலுக்கு நிக்கிறவுகளுக்குத் தெரியாம எப்புடி?" என்றார் அக்கா. "இருங்க தம்பி."

போனை அணைத்து அவர் மகள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆளாளுக்கு ஒன்று அடித்துக் காட்டினார்கள். கடைசியில் அந்த அக்கா இடது கையால், தடுமாறி, ஒரு புது அடியை அடித்துக் காட்டினார். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆறு தகரத்தில் ஒன்றாக அதை அடித்துப் பார்த்தார்கள். இதுவரை பல ஊர்களில் பல பேர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். அதுபோல ஒன்றைக் கேட்டதில்லை.

அறுப்பு முடிந்த மறுநாள் அதே ஏழு மணி பேருந்தில் கிளம்பினேன். அக்காவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வழியனுப்பினார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை.

இப்போதும் வாசிக்கிறேன், பெரிய மேடைகள் இல்லை. ஒரு சத்தத்தை எடுக்கும் முன், அது என்ன சொல்கிறது என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிடுகிறேன். நீண்ட தூரப் பேருந்தில் சில சமயம் என் விரல்கள் தாமாகவே முன்சீட்டுக் கம்பியில் அந்தப் புது அடியைத் தட்டத் தொடங்கும். உடனே கையை மூடிக்கொள்வேன். எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல தாளம் அதுதான், ஆனால் அது என் பாட்டுக்கு உரியதல்ல. ஒரு விடியற்காலையில் யாரோ ஒருவர் தனியாக நிற்காமல் இருப்பதற்கு உரியது.