பம்ப் ஓடாத மாதத்தில் எண்ணிய பறவைகள்

வயலில் பறவை இல்லை என்று அறிக்கை எழுதியவரே, நீங்கள் வயலையே பார்க்கவில்லை. மே மாதத்தில் ஒரு நாள் காரில் வந்தீர்கள். வரப்பில் கால் வைக்காமல், வெடித்த சேற்றைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். 'குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை' என்று ஒரு வரி எழுதினீர்கள். அந்த ஒரு வரியை வைத்து வயலை மண் போட்டு மூடப் போகிறார்கள். ரோடு வருகிறதாம், வண்டி நிறுத்தும் இடம் வருகிறதாம்.

நான் அந்த வயலில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். வீடு வலியசாலையில். வயல் திருவல்லம் தாண்டி உள்ளே, பலருடைய நிலம் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பெரிய பள்ளம். மலையாளத்தில் பாடசேகரம் என்பார்கள். தினமும் சைக்கிளில் போய்வந்தேன். பைனாகுலர் எல்லாம் நான் தொட்டதில்லை. பறவை பற்றித் தெரிந்ததெல்லாம் வேலைக்காகத் தெரிந்துகொண்டது.

முதல் நாள்

துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழை, முடிந்து வயல் முழுக்கத் தண்ணீர். விதைப்பதற்கு முன் மோட்டார் போட்டுக் கால்வாய்க்கு இறைக்க வேண்டும். குறைவாக இறைத்தால் விதை அழுகும். அதிகமாக இறைத்தால் சேறு காய்ந்துவிடும். அளவு பார்க்க நட்டிருந்த ஸ்கேல் பலகை உளுத்துப்போய், எண்கள் அழிந்திருந்தன. ஓவர்சியர் செல்லப்பன் சார் நாகர்கோவில்காரர். அவரிடம் கேட்டேன்.

"சார், பலகையில நம்பரே இல்லை. மோட்டாரை எப்ப நிறுத்தணும்?"

"பலகை என்னத்துக்குவே? அந்தா சிவப்புக் கால்ல ஒண்ணு நிக்குல்லா, பவிழக்காலி? அதுக்க முட்டு வெளிய தெரிஞ்சா பாதி இறைச்சாச்சு. பொடி உள்ளான் இறங்கி ஓடிச்சுன்னா ஆஃப் பண்ணும்."

"லாக் புக்ல என்ன எழுத?"

"அதையே எழுதும். பொய்யா எழுதச் சொல்லுதேன்?"

பவிழக்காலி என்றால் பவளக்கால் உள்ளான். வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, குச்சிக் கால். பொடி உள்ளான் அதில் பாதிகூட இருக்காது, ஈரச் சேற்றில்தான் ஓடும். அன்று லாக் புக்கில் 'பவிழக்காலி, முட்டு தெரியவில்லை' என்று எழுதினேன். புதுப் பலகை கேட்டு வருஷம் தவறாமல் எழுதிப் போட்டேன். வரவே இல்லை. கடைசி வரை பறவைக் கால்தான் எனக்கு ஸ்கேல்.

மழையிலிருந்து மழை வரை

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் வயல் ஏரியாகிவிடும். கால்வாயும் நிரம்பிக் கிடக்கும், இறைத்துப் பயனில்லை. நீர்க்காகம் முங்கி முங்கி எழும். மிதக்கும் இலைகள் மேல் நீளவால் இலைக்கோழி குஞ்சுகளோடு நடக்கும். மழை விட்டதும் தகைவிலான் குருவிகள் வரும். பம்ப் ஹவுஸுக்கு வரும் கரண்ட் ஒயரில் வரிசையாக உட்கார்ந்தால் ஒயரே தெரியாது.

மார்கழியில் எங்கள் தெருக் கோவிலில் மைக் போட்டதும் சைக்கிளை எடுப்பேன். வெளிச்சம் வரும்போது வயலில் இருப்பேன். சேறு முழுக்க உள்ளான் ஓடிக்கொண்டிருக்கும். சேற்றுப் பருந்து தாழப் பறந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பும். மோட்டார் சத்தத்தையும் மீறி அந்த இறக்கைச் சத்தம் கேட்கும். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றிருக்கிறேன்.

எல்லாப் பறவையும் சாது இல்லை. நீலக்கோழி நாற்றைப் பிடுங்கித் தின்னும். பாடசேகரக் கமிட்டி செயலாளர் தாசன் அண்ணன், அவருக்கும் அங்கே வயல் உண்டு, டின்னைத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடுவார்.

"சாமீ, உங்க சொந்தக்காரங்க ஞாறு முழுக்கத் தின்னாச்சு கேட்டோ! அதையும் புக்கில எழுதிக்கோ!"

"எழுதியாச்சு அண்ணா. நீங்க டின் தட்டினதையும் எழுதிட்டேன்."

பங்குனியில், தண்ணீர் மேல் வட்டமிடும் ஆலாக்களின் வயிறு கறுக்கும். கறுத்துவிட்டால் கிளம்பப்போகிறது என்று அர்த்தம். அறுவடை முடியும். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் ஒயர் காலியாக இருக்கும். அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

நான் செய்த தப்பு

எங்கள் பம்ப் ஹவுஸில் ஒரு வழக்கம். பேப்பர் வேலை எல்லாம் மோட்டார் ஓடாத மாதத்தில்தான். மோட்டாரைக் கழற்றிக் கிரீஸ் போட்டுவிட்டு, மே மாதத்தில் உட்கார்ந்து எல்லா ஃபார்மும் எழுதுவோம். தண்ணீர் இருந்தால் பறவை, தண்ணீர் இருந்தால் மோட்டார். இரண்டும் போன பிறகுதான் பேனாவை எடுப்போம். ஒரு வருஷம் வந்த ஃபார்மில் 'காணப்படும் பறவைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"சார், இப்ப ஒண்ணும் இல்லையே."

"இல்லைன்னா இல்லைன்னு எழுதும்வே. ஜீப் நிக்கி, சட்டுன்னு தாரும்."

வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். 'கொக்கு, காகம். வேறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாதம் எழுதவில்லை. ஒரு காப்பி பம்ப் ஹவுஸ் அலமாரிக்குப் போனது. நான் மறந்துபோனேன்.

போன மாதம் தாசன் அண்ணன் உங்கள் அறிக்கையோடு வீட்டுக்கு வந்தார். கடைசிப் பக்கத்தில் அந்தத் தாள்.

"சாமி, இது உங்க ஒப்பல்லே?"

"என் கையெழுத்துதான் அண்ணா."

"அப்ப பவிழக்காலி எல்லாம் நம்ம சொப்பனம் கண்டதாக்கும்?"

அவர் இன்னும் அங்கேதான் விதைக்கிறார். மூடப்போகும் வயலில் அவருடையதும் உண்டு.

இருவரும் பம்ப் ஹவுஸுக்குப் போனோம். என் லாக் புக்குகள் எல்லாம் அதே அலமாரியில் அடுக்கிய மாதிரியே இருந்தன. தூசி கலையவில்லை. இப்போதைய ஆபரேட்டர் சொன்னார்: "அறிக்கைக்காரங்க காரில வந்த அன்னிக்கே பழைய ரெக்கார்டு கேட்டாங்க சார். நான்தான் திறந்து காட்டினேன். மேல இருந்த இந்தத் தாளை மட்டும் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எந்த மாதத்தில் பார்த்தாய் என்று எழுதாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. நீ அன்றைக்குக் கண்டதை எழுதுவாய். பிறகு அதை எடுக்கிறவன் என்றைக்கும் அப்படித்தான் என்று படிப்பான்.

என் தப்புக்கு நான் பதில் சொல்கிறேன். பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு லாக் புக்குகளை எடுத்துக்கொண்டு வருவேன். அந்தத் தாள் என்னுடையது, அது ஒரு மே மாதத்துத் தாள் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். நீங்களும் வாருங்கள். ஆள் அனுப்பாதீர்கள், கடிதம் அனுப்பாதீர்கள். தாளைப் போட்டோ எடுத்த கை, அதன் கீழே இருந்த புக்கை ஏன் திறக்கவில்லை? தாசன் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்லுங்கள்.